குழிக்கு எத்தனை கை?

சின்னமனூர் தாண்டும்போது சொர்ணலதா மூன்றாவது முறையாகச் சிரித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜாஸ்பரின் கை இறுகியது.

அவள் சிரித்தது அவன் சொன்ன எதற்கும் இல்லை. போனில் இருந்த விஜய்பாண்டி சொன்ன ஏதோ ஒன்றுக்கு.

ஜாஸ்பருக்கு விஜய்பாண்டியைப் பிடிக்காது. பிடிக்காமல் போகும் அளவுக்கு அந்த ஆள் எதுவுமே செய்ததில்லை என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். தேனியில் சொந்தமாக மண் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறான். உயரமாக இருக்கிறான். வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுவான். அவன் பேசினால் சொர்ணலதா காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். ஜாஸ்பர் பேசினால் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பாள்.

சொர்ணலதா பல வருடம் பயிர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். விவசாயி சொல்லும் நஷ்டம் உண்மையா பொய்யா என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்ப்பது வேலை. பொய்யைக் கண்டுபிடித்தால் பாராட்டிய கம்பெனி, உண்மை என்று எழுதிக் கொடுத்தால் முகத்தைச் சுளித்தது. விட்டுவிட்டு வந்து, பெரியகுளம் ரோட்டில் ஒரு அரிசிக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தாள். ஜாஸ்பர் போடி பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஆணி நிறுத்துப் போடப் பிடிக்காமல் அவளிடம் வந்து சேர்ந்தவன். நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர். அதில் தான் முதல் ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். இரண்டாவது இடமும் கைநழுவிப் போகிறதோ என்பதுதான் இப்போது பயம்.

போனை வைத்தாள் சொர்ணலதா.

"என்ன மேடம் சொன்னாரு விஞ்ஞானி?"

"மண் எடுக்கும்போது குழி மண்ணைத் தனியா எடுங்க, நடுப்பாத்தி மண்ணைத் தனியா எடுங்கன்னாரு."

"இதுக்கா இந்தச் சிரிப்பு? போன வாரம் நான் சொன்ன ஜோக்குக்குக் கொட்டாவி விட்டீங்க."

"நீ சொன்னது ஜோக் இல்ல ஜாஸ்பர். நீ விட்டது கரடி."

அவன் மூக்கின் மேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். வட்டக் கண்ணாடி. போன மாதம்தான் வாங்கினான். பவர் எதுவும் கிடையாது.

மார்க்கையன்கோட்டையைத் தாண்டி செம்மண் மேட்டில் கார் ஏறியபோது ஆடிக் காற்று கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. தோட்டத்து வாசலில், அவர்களை வரச்சொல்லியிருந்த நல்லகண்ணு காத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, முகத்தில் இழவு வீட்டுக் களை. பக்கத்தில் அவர் மனைவி பஞ்சம்மாள், காற்றில் பறக்கும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி.

"வாங்க மேடம். வந்து பாருங்க என் வயித்தெரிச்சல!"

ஜாஸ்பர் பார்த்தான். பழைய திராட்சைப் பந்தலை எடுத்துவிட்டுப் புதிதாகக் கல்தூண் நட்டு, வரிசையாகக் குழி தோண்டிக் கன்று வைத்திருந்தார்கள். கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. கருகிச் சாகவில்லை, அதுதான் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. கொழுந்து வெளுத்து, இலை விரல் மாதிரி ஒடுங்கி, சுருண்டு, ஏதோ பிடிக்காததைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்ட மாதிரி நின்றன.

"பிள்ளை மாதிரி வச்சேன் மேடம். அவதான் கொன்னுட்டா. என் தம்பி பொண்டாட்டி முனீஸ்வரி. அந்தா, வாய்க்காலுக்கு அங்கிட்டு இருக்கே, அது அவ பங்கு. தம்பி செத்து மூணு வருஷமாச்சு. அவதான் தோட்டம் பாக்குறா. நான் புதுசா வச்சது தழைச்சிரும்னு பொறாமை. ராத்திரியோட ராத்திரியா வந்து புல்லு மருந்த அடிச்சுவிட்டுட்டா. அவ மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி புல்லு மருந்துக் கேன் கெடக்கு. என் கண்ணால பாத்தேன்."

புல் மருந்து என்று அவர் சொன்னது களைக்கொல்லியை.

"போலீசுக்குப் போகலையா?" என்று கேட்டாள் சொர்ணலதா.

"சாயங்காலம் மனு குடுக்கப் போறேன். அதுக்குள்ள நீங்க ஆதாரம் எடுத்துக் குடுக்கணும். அதுவரைக்கும் மோட்டார் ரூமப் பூட்டிட்டேன். பங்குக் கிணறுதான், ஆனா சாவி என்கிட்டதான் இருக்கு. தண்ணி இல்லாம அவளும் கொஞ்சம் துடிக்கட்டும்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முனீஸ்வரியின் பந்தல் தெரிந்தது. காய் மிளகு அளவுக்கு வந்திருந்தது. மிளகு நேரத்தில் தண்ணீர் நின்றால் காய் உதிர்ந்துவிடும் என்பது போடி பஜார்க்காரனான ஜாஸ்பருக்கே தெரியும். இலைகள் இப்போதே தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தன.

"குழியில என்ன போட்டு நட்டீங்க?"

"தொழு உரம். வெறும் சாணி எரு. வேற ஒண்ணும் போடல மேடம், சத்தியமா."

சத்தியம் என்று சொல்லும்போது அவர் கண் சொர்ணலதாவைப் பார்க்கவில்லை. வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டு வந்தது. பஞ்சம்மாள் தொண்டையைச் செருமினாள். அவர் திரும்பி முறைத்தார்.

சொர்ணலதா குழி மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டினாள். பிறகு இரண்டு வரிசைக்கு நடுவே, நடுப்பாத்தியில் குந்தி உட்கார்ந்து அங்கேயும் ஒரு பிடி எடுத்தாள்.

"ஜாஸ்பர், இது என்ன?"

"புல்லு மேடம்."

"எப்படி இருக்கு?"

"என்னை விட நல்லா இருக்கு."

அருகும் கோரையும் கணுக்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றன. கன்றுகள் மட்டும்தான் செத்திருந்தன.

"அண்ணே," என்றான் ஜாஸ்பர், நல்லகண்ணுவிடம். "புல்லு மருந்துன்னா முதல்ல புல்லுதானே சாகணும்? இவுக என்ன, புல்லை உக்கார வச்சுட்டு கன்னை மட்டும் கொன்னிருக்காக?"

"குறி வச்சு அடிச்சிருப்பா தம்பி. அவ லேசுப்பட்டவ இல்ல."

அந்த நேரம் ஒரு காற்று வந்து அவர் தோளில் இருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் போட்டது.

"இந்தக் காத்துலயா?" என்றான் ஜாஸ்பர். "பெயின்ட் பிரஷ் வச்சு ஒவ்வொரு கன்னாத் தடவுனாத்தான் உண்டு."

சொர்ணலதா எழுந்தாள். தோட்டத்தின் கடைசிக்கு நடந்து போனாள். அங்கே ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் கன்றுகள் நன்றாகத் துளிர்த்து, குச்சியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன. ஒரு கன்றுகூடச் சாகவில்லை.

"இது எப்படித் தப்பிச்சது?"

"மருந்து தீந்து போயிருக்கும்" என்றார் நல்லகண்ணு.

"தீந்தது மருந்து இல்ல..." என்று ஆரம்பித்தாள் பஞ்சம்மாள்.

"ஏய், நீ செத்த வாய மூடுறியா? மேடம் வேலை பாக்குறாக."

"நான் என்னத்தச் சொல்லிட்டேன்? இருவத்தஞ்சு வருசமா மூடித்தான் வச்சிருக்கேன்!"

"நீயா? உன் வாயா?"

சண்டை சூடு பிடிப்பதற்குள் சொர்ணலதா ஜாஸ்பரைக் கூப்பிட்டாள். "வா. கேனைப் பாத்துட்டு வருவோம்."

வாய்க்காலைத் தாண்டினார்கள். தண்ணீர் இல்லாத வாய்க்கால், சேறு வெடித்துக் கிடந்தது. முனீஸ்வரி பந்தலுக்கடியில் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் குடம். வீட்டில் இருந்து தண்ணீர் சுமந்து கொண்டுவந்து கொடிக்குக் கொடி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குடத்துக்கு இரண்டு கொடி. பந்தலில் எத்தனை கொடி என்று பார்த்த ஜாஸ்பர், எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டான்.

"துப்பறியுறவுகளா? அவுகதான் கூட்டியாந்தாகளா?" என்றாள். "என்ன தேடணுமோ தேடிக்கங்க அக்கா. எனக்கு வேலை கெடக்கு."

"ஒரு வெள்ளைக் கேன் இருக்காமே?"

"அந்தா கெடக்கு."

கொட்டாய்க்குப் பின்னால் கிடந்த கேனை ஜாஸ்பர் தூக்கினான். களைக்கொல்லிக் கம்பெனியின் லேபிள் பாதி கிழிந்திருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பினான்.

"டீசல் மேடம்."

"டீசல்தான்" என்றாள் முனீஸ்வரி. "கரண்ட் இல்லாதப்ப கெணத்து இன்ஜினுக்கு ஊத்துறது. இன்ஜினும் இப்பப் பூட்டுன ரூமுக்குள்ளதான் கெடக்கு. கேன் என்னோடது இல்ல, மாமாவோடது. அவுக பழைய பந்தல் இருந்த காலத்துல வருசத்துக்கு மூணு தடவ, நாலு தடவ புல்லு மருந்து அடிப்பாக. களையெடுக்க ஆளு கெடைக்கலன்னு. பந்தலுக்கு அடியில ஒரு புல்லு தலை தூக்க விடமாட்டாக. காலிக் கேனெல்லாம் வரப்புல தூக்கி எறிவாக. ஒண்ணு ரெண்டு எடுத்துக்கிட்டேன்."

"நீ அடிக்கிறதில்லையா?"

"எனக்கு ரெண்டு மாடு இருக்குக்கா. புல்லைக் கொன்னுட்டா அதுக்கு என்னத்தப் போடுவேன்?"

சொர்ணலதாவும் ஜாஸ்பரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கேன், கூலி கொடுத்து அவர்களைக் கூட்டிவந்தவரைக் காட்டிக்கொண்டு நின்றது.

"நீ புதுசாக் கன்னு ஏதும் வச்சிருக்கியா?" என்றாள் சொர்ணலதா.

முனீஸ்வரி ஓரத்தைக் காட்டினாள். ஒரு வருடத்துக் கொடிகள் பந்தல் ஏறி, கம்பியைப் பிடித்துப் படர்ந்திருந்தன.

"இதுக்குக் குழியில என்ன போட்ட?"

"எருவும் சூப்பரும்."

"சூப்பர்னா?" என்றான் ஜாஸ்பர்.

"சூப்பர் பாஸ்பேட் தம்பி. வேரு ஓடுறதுக்குப் போடுற உரம். குழிக்கு ரெண்டு கை போட்டேன்."

சொர்ணலதாவின் புருவம் லேசாக உயர்ந்தது. போனை எடுத்துக்கொண்டு பந்தலை விட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிப் போனாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஜாஸ்பர் கேட்கவே வேண்டியதில்லை. "விஜய், ஒரு சந்தேகம்" என்பது வரை காதில் விழுந்தது. பிறகு காற்று. பிறகு "செம்மண்தான்... ஆமா, பல வருஷமா..." பிறகு அந்தச் சிரிப்பு. 

ஜாஸ்பர் திரும்பி நின்றுகொண்டான். அவள் இருக்கும் பக்கம் பார்க்கக்கூடாது என்று நல்லகண்ணுவின் தோட்டத்தைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முனீஸ்வரியின் தோட்டத்துக்கு நீலக் கலர் கேட். நல்லகண்ணுவின் தோட்டத்துக்கும் அதே நீலம், ஆனால் ஒரு முழம் உயரம் கூட. இவள் பந்தலில் பூச்சி பிடிக்கும் சோலார் விளக்கு ஒன்று. அவர் பந்தலே இன்னும் போடவில்லை, விளக்கு மட்டும் இரண்டு நிறுத்தி வைத்திருந்தார். இவள் முகப்பில் ஒரு திருஷ்டி பொம்மை. அங்கே பொம்மைக்கு மீசை பெரிது, நாக்கு பெரிது, மொத்தத்தில் ஆளும் பெரிது. இவள் ரப்பர் குழாயை எந்த மாதிரி மடித்துக் கட்டியிருந்தாளோ, அதே மடிப்பு, அதே கட்டு.

ஜாஸ்பருக்கு மூக்கின் மேல் கண்ணாடி திடீரென்று கனத்தது. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சொர்ணலதா பேசி முடித்துவிட்டு வந்தாள். "ஜாஸ்பர், கன்னு எதனால சாகுதுன்னு கிட்டத்தட்ட பிடிபட்டுருச்சு. ஒரே ஒரு இடத்துலதான் இடிக்குது. அவரு குழியில சூப்பர் போட்டிருந்தா எல்லாம் சரியா வருது. ஆனா மனுஷன் சாணி எருதான்னு சத்தியம் பண்றாரு."

"போட்டிருக்காரு மேடம்."

"எப்படிச் சொல்ற?"

"அந்த ஆளு பக்கத்துப் பேப்பரைப் பாத்து எழுதுற பையன் மேடம். கேட்டைப் பாருங்க. பொம்மையைப் பாருங்க. இவுக எதைச் செஞ்சாலும் அதையே ஒரு சைஸ் பெருசாச் செய்யுறாரு. இவுக சூப்பர் போட்டா அவரு போடாம இருப்பாரா?"

"அப்ப ஏன் மறைக்கணும்?"

"காப்பி அடிச்சேன்னு எவன் ஒத்துக்குவான்? ஒத்துக்கிட்டா அவுக பெரியவுகன்னு ஆயிருமே. பொறாமைக்காரனுக்கு அதுதான் மேடம் பெரிய அடி. எதிராளி ஜெயிச்சுட்டான்னு தன் வாயால சொல்றது." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். "எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு கேக்காதீங்க."

சொர்ணலதா அவன் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"கேக்கல" என்றாள். பிறகு, "எப்படி ஒத்துக்க வைக்கலாம்?"

இந்தக் கேள்வியை அவள் விஜய்பாண்டியிடம் கேட்கவில்லை. அவனிடம் கேட்டாள். ஜாஸ்பருக்கு உடம்பு கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது.

"என்கிட்ட விடுங்க மேடம்."

திரும்பி வந்தபோது நல்லகண்ணு பரபரத்தார். "கேனைப் பாத்தீகளா? ஒத்துக்கிட்டாளா?"

"பாத்தோம்ணே" என்றான் ஜாஸ்பர், உதட்டைப் பிதுக்கி. "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க தம்பி சம்சாரத்துக்கு விவசாயமே தெரியல. எல்லாம் கைராசிங்கிறாக."

"கைராசியா?"

"ஆமா. போன வருசக் கன்னுக்கு குழிக்கு ஒரே ஒரு கை சூப்பர்தான் போட்டாகளாம். அதுக்கே அந்த வளத்தி வளந்துருச்சாம். எங்க வீட்டுக்காரக சாமியா நின்னு காப்பாத்துறாகன்னு கண்ணுல தண்ணி விடுறாக."

நல்லகண்ணுவின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஒரு கையா? பச்சப் பொய்யி தம்பி! ரெண்டு கை! குழிக்கு ரெண்டு கை போட்டா! இந்த வரப்புல உக்காந்து நான் பாத்தேன்ல? காலையில இருந்து அவ போட்டு முடிக்கிற வரைக்கும் பாத்தேன்!"

"இருக்காதுண்ணே. ரெண்டு கை போட்டா கன்னு தாங்காது."

"என்னத்தத் தாங்காது? அவளே ரெண்டு போட்டா நான் என்ன சும்மாவா இருப்பேன்? நாலு கை போட்டவனுக்குத் தெரியாதா..."

நின்றுவிட்டார்.

பஞ்சம்மாள் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டாருய்யா! தொண்டைக் குழியில வச்சிருந்தாரு, சொல்லிட்டாரு! தாயி, நான் அப்பவே சொல்ல வந்தேன். மூட்டை மூட்டையாக் கொண்டாந்து கொட்டுனாரு. கடைசி ரெண்டு வரிசைக்கு வரும்போது மூட்டை தீந்துபோச்சு. நான்தான் அதுக்கு வெறும் சாணியப் போட்டு நட்டேன்."

எல்லோர் கண்ணும் கடைசி இரண்டு வரிசைக்குப் போனது. அங்கே கன்றுகள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன, கொழுகொழுவென்று.

நல்லகண்ணு நிமிர்ந்தார். "சரி மேடம், போட்டேன். அதுக்கென்ன? உரம் போட்டா செடி சாகுமா? அவளும்தானே போட்டா? அவ கன்னு ஏன் சாகல?"

"உரம் கொல்லல" என்றாள் சொர்ணலதா. "உரம் எழுப்பிவிட்டுருச்சு. இந்த மண்ணுல எத்தனை வருசம் புல்லு மருந்து அடிச்சீங்க?"

"அது... பழைய பந்தல் இருந்த வரைக்கும். ஆனா மண்ணுல விழுந்தா அந்த மருந்துக்கு வீரியம் போயிரும்னு கடைக்காரர் சொன்னாரே!"

"அவரு சொன்னதுல பாதி சரி. செம்மண்ணுல இரும்புச் சத்து இருக்கு. மருந்து அதைப் போய் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அசையாமக் கெடக்கும். செடியோட வேருக்கு வராது. சாகல, கட்டிக் கெடக்குது, அவ்வளவுதான். சூப்பர்ல இருக்கிற பாஸ்பேட்டுக்கும் பிடிச்சுக்கிறதுக்கு அதே இடம்தான் வேணும். ரெண்டுக்கும் ஒரே இடத்து மேல கண்ணு."

"பங்காளிக மாதிரி" என்றான் ஜாஸ்பர்.

சொர்ணலதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அதேதான். பங்காளிக மாதிரி. நீங்க நாலு நாலு கையா அள்ளிப் போட்டதும் பாஸ்பேட் கூட்டமா வந்து இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. மருந்து இடம் இல்லாம வெளிய வந்துருச்சு. வெளிய வந்தது எங்க போகும்? குழியில பச்சை வேரு இருக்கு. அது வழியா ஏறி கொழுந்துக்குப் போயிருச்சு. நடுப்பாத்தியில நீங்க சூப்பர் போடல. அங்க மருந்து இன்னும் கட்டிக் கெடக்குது. அதனாலதான் புல்லு சாகாம நிக்குது."

நல்லகண்ணு வாய்க்காலைப் பார்த்தார். "அப்ப அவ கன்னு..."

"அவுக மண்ணுல மருந்தே இல்லியே. எழுப்பிவிட என்ன இருக்கு? நீங்க அவுக போட்டதைப் பாத்தீங்க. அவுக எதைப் போடலைங்கிறதை யாரும் வரப்புல உக்காந்து பாக்க முடியாது." மண் பொட்டலங்களை ஜாஸ்பரிடம் நீட்டினாள். "குழி மண்ணும் நடுப்பாத்தி மண்ணும் எடுத்திருக்கேன். பரிசோதனையில எழுத்துல வரட்டும். ஆனா மனு எழுத வேண்டியதில்லண்ணே. எழுதுனா உங்க மேலயேதான் எழுதணும்."

அவர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முனீஸ்வரி உரம் போடுவதை வேவு பார்க்க உட்கார்ந்த அதே வரப்பாக இருக்கும் என்று ஜாஸ்பருக்குத் தோன்றியது.

"மேடம்," என்றார் குரல் இறங்கி. "உங்களுக்கு நான்தானே கூலி குடுக்குறேன். அவதான்னு எழுதிக் குடுத்துருங்களேன். ஊருக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"அதுக்கு நான் இன்சூரன்ஸ் கம்பெனியிலேயே இருந்திருப்பேன்" என்றாள் சொர்ணலதா.

பிறகு அவரே பேசினார், யாரிடமும் இல்லாமல்.

"தம்பி போனப்ப, தோட்டம் தரிசாப் போயிரும், நாமதான் தூக்கி நிறுத்தணும்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன். அவ வந்து மாமா இது எப்படி, அது எப்படின்னு கேப்பான்னு பாத்தேன். ஒரு நாளும் கேக்கல. தானாவே நிறுத்திட்டா. ஓசூர்ல இருந்து வர்ற வியாபாரி வண்டி என் கேட்டைத் தாண்டிப் போயி அவ கேட்டுல நிக்குது தம்பி. டிரைவரு என்கிட்ட வழி கேக்குறான். அவ தோட்டத்துக்கு எப்படிப் போகணும்னு என்கிட்ட கேக்குறான்!"

ஜாஸ்பருக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. அந்த டிரைவரையே ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீகளா மாமா?"

எல்லோரும் திரும்பினார்கள். முனீஸ்வரி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள். இடுப்பில் காலிக் குடம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

நல்லகண்ணு எழுந்தார். 

"நான் கேக்க வந்தேன்" என்றாள் அவள். "ஒரு தடவ இல்ல, எத்தனையோ தடவ வாய்க்கா வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். உங்க மேல எனக்கு அம்புட்டு பொறாமை."

"என் மேலயா? என்கிட்ட என்னத்தா இருக்கு, நீ பொறாமைப்பட?"

"நீங்களும் அக்காவும் விடிஞ்சதுல இருந்து பொழுது அடையிற வரைக்கும் கத்திக்கிட்டே கெடக்குறீக. அங்கன வரைக்கும் கேக்கும். உப்புக்குச் சண்டை, மம்பட்டியக் காணோம்னு சண்டை, யாரு முதல்ல குளிக்கிறதுன்னு சண்டை. நான் பந்தலுக்கு அடியில தனியா நிப்பேன். மாடுகூட பதில் சொல்லாது. எனக்குச் சண்டை போட ஒரு ஆளு இல்லையேன்னு... அந்தச் சத்தம் கேட்டா அப்பிடியே வயிறு எரியும் மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

நல்லகண்ணு மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தார். துண்டு மூன்றாவது வரிசையிலேயே கிடந்தது. அதை எடுக்கவும் இல்லை.

பஞ்சம்மாள் அவர் போவதையே பார்த்தாள். பிறகு மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, முனீஸ்வரி பக்கம் திரும்பி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"ஏன்டி, சண்டை போட ஆளு இல்லையாமே உனக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? இந்த மனுசன் தண்ணியப் பூட்டுனாரே, வந்து என் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ? குடத்தத் தூக்கிக்கிட்டுத் திரியிற குடத்தை! பெரிய வைராக்கியக்காரி!"

முனீஸ்வரி ஒரு நொடி திகைத்தாள். பிறகு குடத்தை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"நீங்க மட்டும் சாவியப் பிடுங்கிக் குடுத்தீகளாக்கும்? புருசன் சொன்னா போதும், பொம்மை மாதிரி நிப்பீக!"

"யாருடி பொம்மை? உன் தோட்டத்துல நிக்குதே, அதுதான்டி பொம்மை!"

சொர்ணலதா நடுவில் போக எத்தனித்தாள். ஜாஸ்பர் கையை நீட்டித் தடுத்தான்.

"விடுங்க மேடம்" என்றான். "சண்டை போடட்டும்."

மோட்டார் ஓட வேண்டிய மூணு பேஸ் கரண்ட் அப்போது இருந்தது. மோட்டார் ஒரு முறை இருமி, பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் காய்ந்த சேற்றை நனைத்துக்கொண்டு தண்ணீர் முனீஸ்வரியின் பந்தலைப் பார்த்து ஓடியது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மோட்டார் சத்தத்தையும் மீறி, ஆடிக் காற்றையும் மீறி, இரண்டு பேர் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது.